அம்பின் முனையில் அருள் உண்டோ?

கொல்லாமை நன்று என்பதை மறுப்பார் நம்முள் மிகச் சிலரே. ஆயினும், கொல்வதென்று ஒருவன் துணிந்துவிட்ட பின்னர், எக்கருவியால் கொல்வது என்னும் வினாவில் அறத்திற்கு இடம் உண்டா, இல்லையா? இதனை ஆராயுமாறு என்னைத் தூண்டியது ஒரு கடிதம்.

என் மனைவியின் தம்பி ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தில் வேலை பார்க்கிறான். அங்கே உரிமம் பெற்று வில்லால் மான் வேட்டையாடுவது சட்டத்திற்கு உட்பட்டது. "அத்தான், எதையும் இருபுறமும் நிறுத்துப் பார்ப்பவர் தாங்கள். விரியும் முனையுள்ள அம்பு வாங்குவதா, விரியாததையே வாங்குவதா? சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தான். அவன் நாடும் மான் நம் காட்டு ருசாவே. தமிழில் கடமான் என்போம். 1860-களில் ஆசியாவிலிருந்து அங்கே கொண்டுபோய் விடப்பட்டது. இன்று பெருகிக் காட்டுக்கே சுமையாயிற்று. இங்கேயோ அஃது அருகிப் போனமையால், 2009ஆம் ஆண்டில் தீபகற்பம் எங்கும் அதன் வேட்டைக்கு உரிமம் நிறுத்தப்பட்டது. ஓரிடத்தில் மிகை, ஓரிடத்தில் அருமை. ஆனால் அம்பு தைத்தால் வலி இரண்டிடத்திலும் ஒன்றே.

நிற்க. விரியாத முனையில் கத்திகள் அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். பழுதாக அதில் ஒன்றுமில்லை; ஆனால் பறக்கும்போது காற்று அக்கத்திகளைப் பற்றி அம்பைத் திசை மாற்றக்கூடும். விரியும் முனையிலோ கத்திகள் மடங்கியிருந்து, உடலில் பட்டவுடன் விரியும். ஆகவே அஃது நேராகப் பறக்கும், காயமும் அகலமாகும். எனினும், விரிவதிலேயே விசையின் ஒரு பங்கு செலவாகிவிடும். வில் வலுவற்றதாயின் அம்பு ஆழ்ந்து செல்லாது. சாய்வாகப் பட்டால் சறுக்கவும் கூடும். அம்பு குண்டைப்போல் அதிர்ச்சியால் கொல்வதன்று; குருதியை வடித்தே கொல்வது. நெஞ்சறையில் சரியாகத் தைத்தால் மான் விரைவில் வீழும். பிசகினால் காயத்தோடு ஓடி, கண்காணாத புதரில் நெடுநேரம் கிடந்து மாயும்.

இதனோடு ஒப்பிடத்தக்க வரலாறு ஒன்று உண்டு. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் படைக்கலச் சாலையில், உடலில் பட்டதும் விரியும் துப்பாக்கிக் குண்டு 1890-களில் செய்யப்பட்டது. இது மனிதத்தன்மைக்கு ஒவ்வாதென்று 1899ஆம் ஆண்டின் ஹேக் மாநாடு போர்க்களத்தில் விலக்கியது. ஆனால் இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டமோ, மானை ரைபிளால் சுடுவோன் விரியும் குண்டையே இடவேண்டும் என்கிறது. அச்சட்டமே அம்பு எய்து மானைக் கொல்வதை அடியோடு தடுத்தும் விட்டது. மனிதனுக்குக் கொடுமையென விலக்கியது மானுக்கு அருளென விதிக்கப்பட்டது எங்ஙனம்? போரில் நோக்கம் எதிரியைச் செயலறச் செய்வது. அதற்கு மேற்பட்ட புண் கொடுமை. வேட்டையில் நோக்கம் உயிரைப் போக்குவது; அங்கே தாமதமே கொடுமை. ஆதலின் அருள் என்பது இரும்பில் இல்லை. அதனை ஏவுவோன் நோக்கத்திலும் கவனத்திலும் இருக்கிறது.

"கொலை கொலையே, முனை எதுவானால் என்ன?" என்பாரும் உளர். அவர் கூற்று தூயதுபோல் தோன்றினும், மானின் பக்கம் நின்று சொல்லப்பட்டதன்று. ஒரு நிமிடத்துச் சாவுக்கும் ஓர் இரவு முழுதும் நீளும் சாவுக்கும் உள்ள வேற்றுமை, சாகும் உயிருக்குத் தெரியும். மற்றொரு சாரார், அகன்ற முனையை வாங்கியதனாலேயே தம் கடன் தீர்ந்ததென்று மகிழ்வர். இவர்களே எனக்கு அச்சந் தருவோர். அகலமான முனை கையில் இருக்கிறதென்னும் துணிவால், எய்யக்கூடாத தொலைவிலிருந்து எய்வோனுக்கு அம்முனை அருளன்று, சாக்கு.

நம் ஈப்போ நகரம் ஒரு மரத்தால் பெயர் பெற்றது. அம்மரங்களுள் ஒன்று ரயில் நிலையத்திற்கு எதிரே இன்றும் நிற்கிறது. அதன் பால் இதயத்தை நிறுத்தும் நஞ்சு. பேராக் காடுகளில் வாழும் செமாய், தெமியார் மக்கள் அதனை மெல்லிய குச்சியின் நுனியில் பூசி, ஊதுகுழலால் எய்து வேட்டையாடுவர். அக்குச்சிக்கு அகலமே இல்லை. தன் மூச்சு எட்டும் தொலைவுக்குள் விலங்கை அணுகுவதே அவ்வேடனின் கலை. கருவியின் குறுமை அவனை அருகில் வரச்செய்கிறது. அருகில் வந்தவன் தான் செய்வது இன்னதென்று காண்கிறான்.

இவ்வளவும் எழுதி முடித்துக் கடிதத்தை மடித்தபோது, என் மேசைமேல் வேறொரு தாள் கிடந்தது. நான் செம்பனைத் தோட்டத்துக் கிராணி. குலைகளைக் கடிக்கும் எலிகளுக்கு மருந்து வேண்டி எழுதும் தாள் அது. ஆண்டுகளாக நானே எழுதி வருவது. வார்பரின் கலந்த அம்மருந்து குருதி உறையாமற் செய்யும். எலி உள்ளுக்குள்ளே குருதி வடிந்து, பல நாட்களில் சாகும். அம்பும் குருதியை வடித்தே கொல்கிறது, மருந்தும் அவ்வாறே. மானுக்கு நிமிடக் கணக்குப் பார்த்த நான், எலிக்கு நாட்கணக்கும் பார்த்தேனில்லை. ஏன்? மானின் கண் அழகியது. எலியை நான் கண்ணாலும் பார்ப்பதில்லை. ஊதுகுழல் வேடன் அருகில் செல்கிறான். நானோ பேனாவின் தொலைவிலிருந்து எய்கிறேன். எல்லா முனைகளினும் விரியும் முனை அதுவே.

எலியை விட்டுவிட்டால் விளைச்சல் குறையும். விளைச்சலால் பிழைப்போர் நம் மக்களே. இதனை நான் மறக்கவில்லை. ஆயினும், இந்நாட்டுத் தோட்டங்கள் பலவற்றில் கூகைக்குக் கூடு வைத்து எலியைக் குறைக்கிறார்கள். கூகையும் கொல்வதே, ஆனால் விரைந்து கொல்லும். சில பிளாக்குகளிலேனும் கூடு வைத்துப் பார்க்கலாமென்று மருந்துத் தாளோடு ஒரு குறிப்பும் இணைத்து மானேஜரிடம் கொடுத்தேன். விடை இன்னும் வரவில்லை.

தம்பிக்கு இவ்வாறு எழுதினேன்: "கொல்லவேண்டிய தேவை உண்டா என்பதை முதலில் கேள். உண்டென்றால், உன் வில்லின் வலிவுக்குப் பொருந்தும் முனையை வாங்கு. வலிவு குறைவாயின் விரியாததே நன்று. எதை வாங்கினும், ஐயம் எழுந்தால் எய்யாதே. எய்த பின் அது வீழ்ந்த இடம் வரை நடந்து போய்ப் பார்."

இக்கடைசி வரியை எனக்கும் சேர்த்தே எழுதிக்கொண்டேன்.