அங்க அடையாளம்

தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் படித்த எவருக்கும் அந்தக் கட்டம் தெரிந்திருக்கும். மாற்றுச் சான்றிதழில் பெயர், பிறந்த தேதி, சாதி எல்லாவற்றையும் கடந்து வந்தால் ‘அங்க அடையாளங்கள்’ என்று ஒரு வரி. ஆசிரியர் பையனை அருகில் கூப்பிட்டு, கையையும் கழுத்தையும் திருப்பிப் பார்த்து மச்சம் தேடுவார். மச்சம் அகப்படாவிட்டால் தழும்பு. ‘இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு’ என்று எழுதிவிட்டால் அது அரசாங்கப் பதிவு. பெயரை அரசிதழ் மூலம் மாற்றிக்கொள்ளலாம், ஊரை மாற்றிக்கொள்ளலாம். இன்னார் இவர்தான் என்று சொல்ல அரசு நம்பிய இடம் அந்தத் தழும்பு.

வீட்டில் கதை வேறு. அங்கே தழும்பு என்பது முகத்தில் சேர்ந்துவிட்ட பிழை, சீக்கிரம் அழித்துவிட வேண்டும். தழும்பு நம்முடையதாக இருந்தால் வைத்துக்கொள்வதும் போக்கிக்கொள்வதும் நம் இஷ்டம். நான்கு வயதுக் குழந்தையுடையதாக இருந்தால்?

என் தங்கை திண்டிவனத்தில் இருக்கிறாள். அவள் மகள் விழுப்புரத்தில் உறவினர் வீட்டு மாடிப்படி விளிம்பில் விழுந்து வலது கன்னத்தைக் கிழித்துக்கொண்டாள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தையல் போட்டார்கள். ஐந்தாம் நாள் தையல் பிரித்தபோது காயம் சுத்தமாக மூடியிருந்தது. மருத்துவத்தின் கணக்கு அன்று முடிந்தது, குடும்பத்தின் கணக்கு அன்றுதான் ஆரம்பித்தது. “பொட்டப்புள்ள மொகமாச்சே, நாளைக்கு எவன் கேப்பான்?” என்றார் தங்கையின் மாமியார். கஸ்தூரி மஞ்சள், சோற்றுக்கற்றாழை, எலுமிச்சம்பழச் சாறு என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு மருந்தோடு வந்தார்கள். தங்கை என்னிடம் போனில் கேட்டது ஒன்றுதான்: “அண்ணா, இத போக்கியே ஆகணுமா?”

‘போக்க முடியுமா’ என்று அவள் கேட்கவில்லை. முடியுமா என்பதற்கு டாக்டர் பதில் சொல்லிவிடுவார். ஆகணுமா என்பதற்குப் பதில் மருந்துச்சீட்டில் கிடையாது.

முதலில் தழும்பு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். தோல் ஆழமாகக் கிழிந்தால் உடம்பு பழைய தோலைத் திரும்ப நெய்வதில்லை, அவசரத்துக்கு ஓர் ஒட்டுப் போடுகிறது. கொலாஜன் இழைகள் பழைய பின்னலாக இல்லாமல் ஒரே திசையில் நெருக்கிப் படிகின்றன. அந்த ஒட்டு எத்தனை காலமானாலும் பழைய தோலின் வலுவில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத்தான் எட்டும். முதல் சில மாதங்கள் சிவந்து தடித்திருக்கும், அடங்கி வெளுக்க ஓர் ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை ஆகும். குழந்தைகளின் உடம்பு வேகமாகக் குணமாக்குவதாலேயே அவர்களுக்குத் தழும்பு இன்னும் தடித்து, அதிக நாள் சிவந்திருப்பதும் உண்டு. செய்யக்கூடியது எளிமையானது: வெயில் படாமல் காப்பது, காயம் முழுக்க மூடிய பிறகு மெதுவாக நீவிவிடுவது, டாக்டர் சொன்னால் சிலிகான் ஜெல். எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் விட்டால் தோல் வெந்து, புதிய கறைதான் மிஞ்சும்.

தழும்பு செத்துப்போன பொருளும் அல்ல. உடம்பு அதை நாள்தோறும் பழுதுபார்த்துக்கொண்டே இருக்கிறது. அதற்கு வைட்டமின் சி வேண்டும். 1740களில் ஆன்சன் என்ற ஆங்கிலேயத் தளபதியின் கப்பல்களில் ஸ்கர்வி நோய் வந்தபோது, 1690இல் பாயின் போரில் காயம்பட்ட ஒரு முதியவருக்கு ஐம்பது ஆண்டுக்கு முன் ஆறிய புண்கள் திரும்பத் திறந்துகொண்டதாகப் பதிவு இருக்கிறது. ஆறிவிட்டது என்று நாம் சொல்வது, ஆற்றிக்கொண்டே இருப்பதைத்தான்.

இனி ஆகணுமா என்ற கேள்வி. அமெரிக்கத் தத்துவவாதி ஜோயல் ஃபைன்பெர்க் 1980இல் எழுதிய ஒரு கட்டுரையில் குழந்தைக்குத் ‘திறந்த எதிர்காலம்’ ஓர் உரிமை என்றார். வளர்ந்த பின் அது தானே எடுக்க வேண்டிய முடிவுகளைப் பெற்றோர் முன்கூட்டியே எடுத்துக் கதவைச் சாத்திவிடக் கூடாது. இதை அப்படியே எடுத்துக்கொண்டால், அவள் வளரட்டும், அவளே முடிவு செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டும். ஆனால் தழும்பு காத்திருப்பதில்லை. அதை எளிதாக அடக்கக்கூடிய காலம் இந்த ஒன்றிரண்டு வருடம்தான். சும்மா இருப்பதும் இங்கே ஒரு கதவைச் சாத்துகிற காரியமே.

தவிர, சம்மதம் பற்றிப் பேச நமக்கு எவ்வளவு தகுதி? மயிலம் முருகன் கோயிலில் இதே குழந்தைக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் என்ற முறையில் என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. அவள் அலறினாள், நாங்கள் வாயில் சர்க்கரையைப் போட்டோம். ஒரு துளையை அழகென்று போடுகிறோம், ஒரு கோட்டை அழகில்லை என்று அழிக்கிறோம். இரண்டிலும் முடிவு எங்களுடையது, கன்னமும் காதும் அவளுடையவை.

அழகு என்ற இந்த அளவுகோலும் ஒரே நிலையில் நிற்பதில்லை. போர்க்களத்தில் முகத்திலும் மார்பிலும் பட்டது விழுப்புண். அது இல்லாமல் கழிந்த நாட்களை வீரன் வீண் நாட்களாக எண்ணுவான் என்கிறது குறள். அதே காயம் முதுகில் பட்டதற்காக, வெண்ணிப் போருக்குப் பின் சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர்விட்டான். பெரியம்மை இருந்த காலத்தில் முகத்துக் கொப்புளங்களை ஆத்தாளின் முத்து என்றார்கள். இன்றும் பி.சி.ஜி. ஊசியின் தழும்பு இடது தோளில் வராவிட்டால்தான் தாய்க்குக் கவலை.

எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பு திருஷ்டிப் பொட்டு. குழந்தை முகம் குறையில்லாமல் இருந்தால் கண்பட்டுவிடும் என்று நாமே கன்னத்தில் மையால் ஒரு கறை வைக்கிறோம். கூத்தாண்டவர் கதையும் இதையே சொல்கிறது. முன்பு விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து, 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் கூவாகத்தில், ஆண்டுதோறும் சித்திரையில் திருநங்கைகள் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுக்கிறார்கள். களப்பலிக்கு 32 லட்சணமும் பொருந்திய, குறையற்ற உடல் தேவைப்பட்டது. அப்படி இருந்தவர்கள் கிருஷ்ணன், அர்ஜுனன், அரவான் மூவரே. முதல் இருவரை இழக்க முடியாது. குறையில்லாத உடம்பு அரவானுக்குத் தந்தது அதைத்தான்.

இதையெல்லாம் தங்கையிடம் சொன்னால் சிரிப்பாள். “கூத்துல நல்லாதான் இருக்கும். ஸ்கூல்ல அவள ‘கிழிஞ்ச கன்னம்’னு கூப்புட்டா நீ வந்து அரவான் கதை சொல்லுவியா?” என்பாள். நியாயமான கேள்வி. ஊர் கொடுமையானது, பெண் குழந்தையிடம் இன்னும் கொடுமையானது. மூளி என்ற ஒரே சொல்லை வாய் உடைந்த பானைக்கும் காது அறுந்த பெண்ணுக்கும் சேர்த்து வைத்திருக்கும் மொழி நம்முடையது. அந்த ஊரை ஒரு குழந்தையின் கன்னத்தை வைத்துத் திருத்த முடியாது. தழும்பை மெச்சச் சொல்லி அவளைப் பழக்குவதும் திணிப்புதான். அவள் வீராங்கனையாக இருக்க ஒப்புக்கொள்ளவில்லை, மாடிப்படியில் விழுந்தாள், அவ்வளவே.

ஆகவே என் பதில் இரண்டு துண்டாக இருக்கிறது. தோலுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யலாம். வெயில் காப்பும் நீவலும் ஜெல்லும் வலிக்காதவை, திருப்பி எடுக்க முடியாத எதையும் செய்யாதவை. லேசர், மறு அறுவை என்று வலியும் மயக்க மருந்தும் கேட்பவற்றை, அவளுக்கு வாய் திறப்பதிலோ கண் மூடுவதிலோ இடைஞ்சல் இல்லாதவரை, அவளே கேட்கும் வயதுக்குத் தள்ளிவைக்கலாம். அடுத்த துண்டு கடினமானது. ஜெல் தடவும் விரலோடு ஒரு சொல்லும் சேர்ந்து போகிறது. ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஒரு வருடம் என்றால் எழுநூறு தடவைக்கு மேல் அம்மா அவள் கன்னத்தைத் தொடப்போகிறாள். ஒவ்வொரு தடவையும் ‘இது போயிடும்டா செல்லம், அசிங்கமா இருக்காது’ என்று சொல்லிக்கொண்டு தொட்டால், கன்னத்தில் கோடு மங்கும், மனதில் தடிக்கும். அங்கே தடவ ஜெல் கிடையாது.

தங்கையிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: தடவு, ஆனா தடவறப்ப வேற கதை பேசு. அவளாகக் கேட்டால் விழுந்த இடத்தில் தோல் ஒட்டுப் போட்டிருக்கிறது என்று சொல், கேட்காதவரை அது ஒரு கன்னம்.

மாமியாரின் வாயை என்ன செய்வது என்று அவள் கேட்டாள். அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.