எண்ணாயிரத்து நெல்

பையன் பி.ஏ. படிக்கிறான் என்று சொல்லும்போது நம்மவர்களின் குரல் சற்று இறங்கிவிடுகிறது. அதிலும் சரித்திரம் என்றால் இன்னும் ஒரு படி இறங்குகிறது. கேட்பவரும் துக்கம் விசாரிக்க வந்தவர் போல, "போகட்டும், அப்புறம் சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதிக்கொள்ளலாம்" என்று ஆறுதல் சொல்லி வைக்கிறார்.

திண்டிவனத்தில் ஒரு விவசாயி இதை என்னிடம் நேராகவே கேட்டார். மல்லாட்டை போடுகிறவர். பெண்ணை அரசினர் கலைக் கல்லூரியில் சேர்த்துவிட்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தார். "ஹிஸ்டரின்னு எழுதிக் குடுத்திருக்குது சார். அதப் படிச்சா என்னா ஆவும்?" கல்லூரியில் இரண்டு வருஷம் மட்டும் இருந்தவன் நான். பட்டத்தின் மகிமையைப் பற்றி என்னைக் கேட்டால் என்ன சொல்வது?

ஆனால் கேள்வி நியாயமானது. அறிவு அறிவுக்காகவே என்று பேசுவது அழகாகத்தான் இருக்கிறது. நியூமன் 1852-ல் டப்ளினில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் அதை வெகு நேர்த்தியாகச் சொன்னார். அவர் மனத்தில் இருந்த மாணவன் மறுவேளைச் சோற்றைப் பற்றிக் கவலைப்படாத கனவான் வீட்டுப் பிள்ளை. 'லிபரல்' என்ற சொல்லுக்கே லத்தீனில் சுதந்திர மனிதனுக்கு உரியது என்றுதான் பொருள். அடிமைக்கு அதில் பங்கில்லை. நம் நாட்டில் கதை வேறு. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் ஏற்பட்டது முதற்கொண்டே பி.ஏ. என்பது சர்க்கார் உத்தியோகத்தின் வாசற்படி. ஆகையால், 'இந்தக் காலத்தில்தான் படிப்பைச் சம்பளத்தோடு முடிச்சுப் போடுகிறார்கள்' என்று அங்கலாய்ப்பவர்களிடம் எனக்கு நம்பிக்கையில்லை.

அதைவிடப் பழைய கணக்கு ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரம் என்று ஓர் ஊர். இன்று சிறிய கிராமம். 11-ம் நூற்றாண்டில், முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில், அங்கே ஒரு கல்லூரி நடந்தது. நரசிம்மப் பெருமாள் கோயில் கல்வெட்டு அதன் வரவு செலவைச் சொல்கிறது. மாணவர்கள் 340 பேர், ஆசிரியர்கள் 14 பேர், ஆதாரமாக 45 வேலி நிலம். இளைய மாணவர் 270 பேரில் 40 பேர் இலக்கணத்தின் ஆரம்ப பாடம் படித்தார்கள். மற்றவர்களில் அநேகமாக எல்லோரும் வேதத்தை நெட்டுருப் போட்டவர்கள். அவர்களுக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல். மேல் வகுப்பில் 70 பேர். உயர்ந்த இலக்கணமும், மீமாம்சையும், வேதாந்தமும் கற்று வாதம் செய்யப் பழகியவர்கள். அவர்களுக்கு 1 குறுணி 2 நாழி, அதாவது 10 நாழி.

யோசிப்பவனுக்கு 4 நாழி அதிகம் என்று அளந்த அந்தக் கணக்கப்பிள்ளைமீது எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் அந்த நெல்லையே பார்த்துக்கொண்டிருந்தால் வேறொரு கேள்வி எழுகிறது. 45 வேலியிலும் இறங்கி உழுது நட்டு அறுத்தவர்களின் பிள்ளைகள் எங்கே? வேதம் ஓத உரிமை பெற்றவர்களுக்கான வகுப்பு அது. நெல் உள்ளே போயிற்று. விளைவித்தவன் வெளியே நின்றான்.

அந்தப் பிள்ளைகள் உள்ளே நுழைய 900 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசினர் கலைக் கல்லூரிகள் 1960-களின் கடைசியில்தான் வந்தன. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கும் பெண்களுக்கு 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் அரசாங்கம் கொடுக்கிறது. அன்றைய நெல்லுக்கு இது சரி என்று வைத்துக்கொள்ளலாம். சரியாக இந்தச் சமயம் பார்த்து, 'சரித்திரமும் இலக்கியமும் எதற்கு? ஏழைக்குத் தொழில் கற்றுக் கொடுங்கள்' என்கிற உபதேசம் கிளம்பியிருக்கிறது! உபதேசிப்பவர் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. 1953-ல் முதலமைச்சர் ராஜாஜியும் கெட்ட எண்ணத்தோடு அரை நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்று திட்டம் போட்டிருக்கமாட்டார். தன் தலைமுறைத் தொழிலுக்கே பிள்ளையைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று ஜனங்கள் கொதித்தார்கள். 1954-ல் காமராஜர் பதவிக்கு வந்ததும் திட்டம் போயிற்று.

விவசாயியிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "வேலைக்கு உத்தரவாதம் சொல்ல முடியாதுங்க. கம்ப்யூட்டரும் கத்துக்கட்டும். ஆனா உங்க நெலத்துக்கு இதுக்கு முன்னாடி யாரு சொந்தக்காரன், எப்படி கை மாறிச்சுன்னு அது ஒரு நாள் உங்களையே கேக்கும்." அவர் சிரித்தார். "அதெல்லாம் எங்க அப்பாருக்கே தெரியாது சார்" என்றார். எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. தெரியாமல் இருந்ததால் யாருக்கு லாபம் என்பதை அவர் பெண் கேட்கக்கூடும்.

கேட்கும்படி அவளுக்குக் கற்பிக்கிறோமா என்பது வேறு விஷயம். கடையில் விற்கும் கைடை உருப்போட்டுப் பரீட்சையில் கொட்டிவிட்டு வருவதுதான் பட்டம் என்றால் அது 6 நாழிப் படிப்பு. வாத்தியார் இல்லாத வகுப்பும், பூட்டிய நூலகமும் 10 நாழிக்காரர்களை உண்டாக்கா. 2021 பிப்ரவரியில் விழுப்புரத்துக்கென்று ஒரு பல்கலைக்கழகத்துக்கே சட்டம் இயற்றினார்கள். ஆகஸ்டில் அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கும் மசோதாவும் நிறைவேறிற்று. அதன் பெயரைப் பற்றி எவ்வளவோ சண்டை நடந்தது. உள்ளே என்ன சொல்லிக் கொடுப்பது என்று யாரும் சண்டை போட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

எண்ணாயிரத்துக் கோயில் இன்னும் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து ஒரு வகுப்பை அழைத்துப் போய் அந்தக் கல்வெட்டுக்கு முன்னால் நிறுத்த ஒரு பஸ்ஸும் ஒரு பகலும் போதும்.