மூக்கிற்கும் ஓர் உரிமை

அன்பு என்பது கொடுப்பதில் மட்டும் அடங்கிவிடுகிறதா? ஊட்டுவதும், உடுத்துவதும், நோயுற்றால் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் அன்பின் கடமைகளே. ஆயினும், ஒரு பிள்ளையின் உள்ளத்தில் இசை ஊற்றெடுக்கும்போது அதற்குச் செவிகொடாத வீடு, அப்பிள்ளைக்கு வயிறார உணவளித்தாலும், முழுமையாக அன்பு செய்தது என்று கூற இயலுமா? கொடுப்பது அன்பின் ஒரு கை. இடம் விடுவது அதன் மறு கை. மனிதர்க்கிடையே இவ்வுண்மை ஒருவாறு உணரப்பட்டிருக்கிறது. தன் குறையை வாய்விட்டுச் சொல்ல இயலாத உயிரிடத்திலோ இது பெரிதும் மறக்கப்படுகிறது. வீட்டில் வளரும் நாயைக் கருதிப் பார்த்தால் அம்மறதி எத்தகையது என்பது விளங்கும்.

நாய்க்கும் மனிதனுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. ஜெர்மனியில் ஓபர்காசல் என்னுமிடத்தில் 1914ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட புதைகுழி ஒன்றில், ஓர் ஆணோடும் பெண்ணோடும் ஒரு நாயும் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. அதன் காலம் இன்றைக்கு ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. தொன்றுதொட்டு நாய் உழைத்தே உண்டது. காட்டில் வேட்டைக்குத் துணை நின்றது. மேட்டில் மந்தையைக் காத்தது. இரவில் வாயிலைக் காத்தது. முயலின் தடத்தை முகர்ந்து ஓடுவதற்கென்றே பீகிள் இனம் தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுக்கப்பட்டது. இன்று அதே பீகிள் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில், மின்விசிறிக்குக் கீழே, பளிங்குத் தரையில் படுத்துக் கிடக்கிறது. குறித்த வேளையில் கிண்ணத்தில் உணவு விழுகிறது. அதைத் தேட வேண்டியதில்லை, கண்டுபிடிக்க வேண்டியதில்லை. காத்திருந்தால் போதும். அந்நாய் துன்புறுத்தப்படவில்லை; கொஞ்சப்படுகிறது. ஆனால் அது எதற்காகப் பிறந்ததோ அந்தச் செயல் அதனிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டது.

அச்செயல் எது? மோப்பம். மனிதன் கண்ணால் உலகை அறிகிறான். நாயோ மூக்கால் அறிகிறது. மணத்தை உணரும் ஏற்பிகள் மனிதனின் மூக்கில் சுமார் 50 அல்லது 60 இலட்சம் என்பர். நாயின் மூக்கிலோ இனத்திற்கேற்ப 10 கோடி முதல் 30 கோடி வரை என மதிப்பிடுவர். முகரும்போது நாய் ஒரு நொடிக்கு ஏறக்குறைய ஐந்து முறை காற்றை உள்ளிழுக்கிறது. வெளிவிடும் காற்று மூக்கின் பக்கப் பிளவுகள் வழியே செல்வதால், முன்னே உள்ள மணம் கலைவதில்லை. ஒவ்வோர் உயிரும் தன் புலன்கள் வகுத்த தனி உலகில் வாழ்கிறது என்று உயிரியல் அறிஞர் யாக்கோப் ஃபான் யுக்ஸ்குல் 1934ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஒரே தெருவில், ஒரே கயிற்றின் இரு முனைகளில் நடந்தாலும், மனிதனும் நாயும் இரு வேறு உலகங்களில் நடக்கின்றனர். விளக்குக் கம்பத்தின் அடியில் நாய் நிற்கிறது. யார் வந்தார், எப்போது வந்தார், எத்திசையில் சென்றார் என்று அது வாசித்துக்கொண்டிருக்கிறது. பொறுமையிழந்த மனிதன் கயிற்றைச் சுண்டி இழுக்கிறான். படித்துக்கொண்டிருப்பவன் கையிலிருந்து நூலைப் பறிப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இப்பறிப்புக்கு ஈடு செய்வதைப் போன்று ஒரு விளையாட்டு அமெரிக்காவில் தோன்றியது. போதைப்பொருளையும் வெடிபொருளையும் கண்டறியும் நாய்களைப் பழக்குவதில் தேர்ந்த கலிபோர்னியப் பயிற்சியாளர்கள், அந்தக் கலையை வீட்டு நாய்களுக்கும் உரியதாக்க எண்ணினர். ரான் கான்ட், ஏமி ஹெரோட், ஜில் மேரி ஓபிரையன் ஆகிய மூவர் இம்முயற்சியின் முன்னோடிகள். 2000க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் அது ஒழுங்கான விளையாட்டாக உருப்பெற்றது. அமெரிக்க நாய்வளர்ப்புக் கழகமும் 2017ஆம் ஆண்டு முதல் மோப்பப் போட்டிகளை நடத்தத் தொடங்கியது.

விளையாட்டின் முறை எளிது. சில அட்டைப் பெட்டிகளைத் தரையில் பரப்பி, ஒன்றில் மட்டும் நாய் விரும்பும் தின்பண்டத்தை வைக்கின்றனர். நாய் முகர்ந்து கண்டுபிடிக்கிறது. கண்டுபிடித்த இடத்திலேயே உண்கிறது. கட்டளை இல்லை, அதட்டல் இல்லை. தேடலில் ஆர்வம் ஊன்றிய பிறகு, தின்பண்டத்தோடு ஒரு குறிப்பிட்ட மணம் சேர்க்கப்படுகிறது. பிர்ச்சு மரத்தின் எண்ணெய், சோம்பை ஒத்த அனிஸ் விதையின் எண்ணெய், தமிழர் சமையலறை நன்கறிந்த கிராம்பின் எண்ணெய் ஆகியவை வழக்கமானவை. பஞ்சு சுற்றிய சிறு குச்சியில் அந்த மணத்தை ஏற்றி, துளையிட்ட சிறு டப்பாவில் இட்டு மறைக்கின்றனர். பின்னர்த் தின்பண்டம் நீக்கப்படுகிறது. மணத்தைக் கண்டால் பரிசு வரும் என்பதை நாய் உணர்ந்துகொள்கிறது. பெட்டிகளில் தொடங்கிய தேடல் அறைக்குள்ளும், திறந்த வெளியிலும், நிறுத்திய வண்டிகளைச் சுற்றியும் விரிகிறது. ஒரு நேரத்தில் ஒரு நாயே தேடும். ஆதலால் பிற நாய்களைக் கண்டு அஞ்சும் நாயும், பார்வை மங்கிய முதிய நாயும், மூன்று கால் நாயும் இதில் பங்கு கொள்ளலாம்.

இங்கே ஓர் ஐயம் எழுகிறது. கிராம்பு எண்ணெயால் நாய்க்கு ஆவது என்ன? அது முயலும் அன்று, எலும்பும் அன்று. மனிதன் தன் பொழுதுபோக்கிற்காக ஒரு புதிரை அமைத்து, அதில் நாயின் மூக்கைக் கருவியாக்குகிறான் அல்லவா? இதற்கும் வட்டரங்கில் கரடியை ஆடவைப்பதற்கும் உள்ள தொலைவு எவ்வளவு?

ஐயம் நேர்மையானது, எளிதில் தள்ளத்தக்கதன்று. நெடுநாள் உழைத்து முதுமையுற்ற நாயைக் கைவிடலாகாது என்றார் தத்துவஞானி கான்ட். ஆனால் விலங்கிடம் காட்டும் இரக்கம், மனிதன் மனிதனிடம் இரக்கமற்றுப் போகாதிருப்பதற்கான பயிற்சி என்பதே அவர் கண்ட காரணம். அவர் கணக்கில் நாய்க்கெனத் தனி உரிமை இல்லை. மார்த்தா நுஸ்பாம் 2022ஆம் ஆண்டில் எழுதிய 'விலங்குகளுக்கு நீதி' என்னும் பொருள்படும் நூலில் வேறு நிலையை எடுக்கிறார். ஒவ்வோர் உயிரும் தன் இனத்திற்குரிய திறன்களைச் செயற்படுத்தி வாழ வாய்ப்புப் பெறுதல் நீதியாகும் என்பது அவர் கொள்கை. கரடியின் ஆட்டம் கரடியின் திறன் அன்று. அதன் மீது சுமத்தப்பட்ட வடிவம். மோப்பமோ நாயினுடையது. தேடப்படும் பொருளை மனிதன் தேர்ந்தெடுக்கிறான். தேடும் வழியை நாய் தேர்ந்தெடுக்கிறது. வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

இதற்கு ஆராய்ச்சித் துணையும் உண்டு. சார்லட் டுராண்டன், அலெக்சாண்டிரா ஹோரோவிட்ஸ் ஆகிய இரு அறிஞர்கள் 2019ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 20 வீட்டு நாய்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பிரிவு மோப்பத் தேடலைப் பயின்றது. மற்றொன்று வளர்ப்பவரின் காலடியை ஒட்டி நடக்கப் பயின்றது. இரண்டிற்கும் தின்பண்டப் பரிசு உண்டு. வளர்ப்பவரின் துணையும் உண்டு. பயிற்சிக்கு முன்னும், இரு வாரப் பயிற்சிக்குப் பின்னும் ஒரு சோதனை நடைபெற்றது. ஓரிடத்தில் வைத்த கிண்ணத்தில் எப்போதும் உணவு இருக்கும். வேறோரிடத்தில் வைத்தால் இராது. இதனை நாய்கள் அறிந்த பிறகு, கிண்ணம் இரண்டிற்கும் நடுவே வைக்கப்பட்டது. உணவு உண்டோ இல்லையோ என்ற அந்த ஐயநிலையில், மோப்பம் பயின்ற நாய்கள் முன்னைவிட விரைந்து கிண்ணத்தை நாடின. காலடி நடை பயின்ற நாய்களிடம் அந்த மாற்றம் இல்லை. ஆய்வு சிறியது, அதன் மீது பெரிய மாளிகை எழுப்புதல் தகாது. எனினும் அது சுட்டும் திசை கருதத்தக்கது. தன் புலனைக் கொண்டு தானே முடிவெடுக்க வாய்ப்புற்ற உயிர், நாளையை நம்பிக்கையோடு எதிர்நோக்குகிறது போலும். பரிசு இரு பிரிவிற்கும் பொதுவாக இருந்தது. விடுதலை ஒன்றிற்கே வாய்த்தது.

ஆயினும், 'இது விளையாட்டு' என்று சொல்லும்போது ஒரு வேற்றுமையை மறத்தலாகாது. மனிதனுக்கு இது விளையாட்டு. நாய்க்கு? மறைத்து வைத்தவர் யார், எதற்காக என்று அது ஆராய்வதில்லை. வாயை மூடி, தலையைத் திருப்பி, காற்றில் மிதக்கும் மெல்லிய இழையைப் பற்றிக்கொண்டு செல்லும் அதன் முகத்தில் விளையாட்டின் சாயல் இல்லை. வேட்டையின் கவனமே இருக்கிறது. ஒருவருக்குப் பொழுதுபோக்காக இருப்பது மற்றவருக்கு வாழ்க்கையாக இருக்கிறது. இத்தகைய கூட்டில், விளையாட்டென்று அறிந்தவருக்கே கடமை மிகுதி. அவர் ஏமாற்றலாகாது. கண்டதற்குரிய பரிசைத் தாமதிக்கலாகாது. தேடித் தேடிச் சோர்ந்த நாயை வெறுங்கையோடு திருப்பாமல், எளிதில் காணக்கூடிய ஒன்றையேனும் வைத்து வெற்றியோடு முடித்துவைத்தல் நல்ல பயிற்சியாளரின் வழக்கம். வெப்பத்தில் இளைக்கும் நாய் செம்மையாக முகர இயலாது. அந்நிலையில் தேடச் சொல்வது கொடுமையாகும். நம்பி உழைப்பவனிடம் முதலாளி கொள்ள வேண்டிய நாணயம் எதுவோ, அதுவே இங்கும் வேண்டப்படுகிறது.

இவ்விளையாட்டில் மனிதன் கற்கும் பாடம் இன்னொன்றும் உண்டு. அதுவே எல்லாவற்றினும் கடினமானது. அறியாதவனாக நிற்கக் கற்பதே அப்பாடம். மணம் காற்றோடு ஓடுகிறது; சுவரில் மோதித் திரும்புகிறது; மூலையில் தேங்குகிறது; வெயில் பட்ட இடத்தில் மேலெழுகிறது. மறைத்த இடம் மேசையின் அடியாக இருக்க, மணம் எதிர்ச்சுவரில் தேங்கியிருக்கக்கூடும். இவை யாவும் நாய்க்குத் தெரியும், மனிதனுக்குத் தெரியா. ஆயினும் ஆணையிட்டே பழகிய மனிதன் வாளாவிருப்பதில்லை. 'இங்கே பார்' என்று பெட்டியைச் சுட்டுகிறான், அந்தப் பக்கமே சாய்கிறான், அங்கேயே நிற்கிறான். நாய் அவன் முகத்தைப் பார்க்கிறது. தன் மூக்கு சொல்வதை விடுத்து, அவன் உடல் சொல்வதைக் கேட்கிறது.

இதற்குப் புகழ்பெற்ற முன்சான்று உண்டு. பெர்லின் நகரில் 1904ஆம் ஆண்டில் 'அறிவாளி ஹான்ஸ்' என்ற குதிரை கூட்டலும் கழித்தலும் செய்வதாக மக்கள் வியந்தனர். அது எண்ணவில்லை, கேட்பவரின் உடலில் தோன்றிய நுண்ணிய அசைவைக் கண்டு குளம்படிப்பதை நிறுத்தியது என்று ஆஸ்கார் ஃபங்ஸ்ட் 1907ஆம் ஆண்டில் விளக்கினார். நூறாண்டு கழிந்த பின்னும் மனிதன் மாறவில்லை. கலிபோர்னியாவில் மோப்ப நாய்களோடு பணியாற்றும் 18 பேரை வைத்து நிகழ்ந்த ஓர் ஆய்வு 2011ஆம் ஆண்டில் வெளிவந்தது. சில இடங்களில் இலக்கு மணம் இருக்கலாம் என்றும், சிவப்புத் தாள் ஒட்டிய இடம் அதற்குரிய அடையாளம் என்றும் அவர்களிடம் கூறப்பட்டது. உண்மையில் எங்கும் எதுவும் மறைக்கப்படவில்லை. ஆயினும் நாய் கண்டுபிடித்துவிட்டதாக 200க்கும் மேற்பட்ட முறை அவர்கள் அறிவித்தனர். சிவப்புத் தாள் இருந்த இடங்களில் அவ்வறிவிப்பு மிகுந்தது. நாயின் மூக்கு அங்கே தோற்றது என்பதைவிட, மனிதனின் எதிர்பார்ப்பு அதை மூடிவிட்டது என்பதே பொருந்தும்.

பணியில் இத்தகைய பிழை நேர்ந்தால், குற்றமற்றவன் மீது ஐயம் விழும். விளையாட்டில் நேர்ந்தால் ஒரு பெட்டி வெறுமையாக இருக்கும், அவ்வளவே. யாருக்கும் தீங்கின்றித் தன் செருக்கைக் கண்டுகொள்ள மனிதனுக்குக் கிடைத்த இடம் இவ்விளையாட்டு. போட்டிகளில் மறைவிடம் நாயை நடத்துபவருக்குச் சொல்லப்படுவதில்லை. நாயை நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. நாள்தோறும் நாயை நடத்திச் சென்றவர், அந்தச் சில மணித்துளிகள் அதன் பின்னே நடக்கிறார்.

போட்டி என்ற சொல்லே ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. காலக்கணக்கும், பட்டமும், பரிசு நாடாவும் வந்த இடத்தில் மனிதனின் ஆசையும் வந்துவிடும். நாய்க்கு நாடாவின் நிறம் தெரியாது. வளர்ப்பவரின் முகத்தில் படரும் ஏமாற்றம் தெரியும். நாய் தேடலைவிட்டு விலகித் தரையில் படுத்துக்கொண்டால் வளர்ப்பவர் என்ன செய்கிறார்? புன்னகைத்து அழைத்துச் செல்கிறாரா, அல்லது இழுத்து நிறுத்துகிறாரா? விளையாட்டா, வேலையா என்பதை அறிய இதனினும் நல்ல உரைகல் இல்லை. 'போதும்' என்று சொல்லும் உரிமை இருக்கும் வரையில்தான் அது விளையாட்டு.

மனிதர் பலர் பசித்திருக்கும் உலகில் நாய்க்கு விளையாட்டு ஒரு கேடா என்று கேட்பாரும் உளர். அக்கேள்வியை இகழ்தல் ஆகாது. ஆயினும் இதற்கு வேண்டுவன பழைய அட்டைப் பெட்டிகள் சில, அன்றைய உணவிலிருந்து எடுத்த ஒரு பிடி, பத்து மணித்துளி. எளியவர் வீட்டிலும் இவை உண்டு. விலையுயர்ந்த மெத்தையும் அணிமணியும் வாங்கிக் குவிப்பதுதான் செல்வச் செருக்கு. மேலும், இரக்கம் பணப்பையைப் போன்றதன்று. ஒருவர்க்கு எடுத்தளித்தால் மற்றவர்க்குக் குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. வாயில்லா உயிரின் தனித்திறனைக் கூர்ந்து நோக்கப் பழகியவர், வாயிருந்தும் பேச இடமற்று நிற்கும் மனிதரையும் நோக்கக்கூடும்.

நாயை நன்றியுள்ள விலங்கு என்று உலகம் புகழ்கிறது. அப்புகழ்ச்சியில் மனிதனின் தன்னலம் கலந்திருக்கிறது. தனக்கு நாய் செய்வதையே அவன் அளக்கிறான். நாய்க்குத் தான் செய்ய வேண்டியதை அளக்கப் புகும்போது, உணவும் உறையுளும் மட்டும் போதிய விடையாகமாட்டா. அதன் உலகம் மணத்தால் ஆனது. அந்த உலகிற்குள் மனிதனால் நுழைய இயலாது; வாயிலைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்க இயலும். கயிற்றைச் சற்றே தளர்த்துவதும், விளக்குக் கம்பத்தடியில் பொறுமையோடு நிற்பதும், பெட்டிகளுக்கிடையே அது தானே தன் வழியைக் காணவிடுவதும் அவ்வாறு ஒதுங்கி நிற்றலே ஆகும். தன்னைவிட வல்ல ஒரு திறனின் முன், தான் வளர்க்கும் உயிரே அதனை உடையதாயினும், தலைவணங்கி நிற்பது மனிதனுக்கு இழிவன்று. அவ்வாறு நிற்கக் கற்றவனே அன்பின் மறு கையையும் நீட்டியவன் ஆவான்.