மரப்பெயரும் பிறப்புப் பித்தும்

சுவீடன் நாட்டு லுண்ட் பல்கலைக்கழகத்தில், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஓர் உழவர் வீட்டு இளைஞன் படிக்கச் சேர்ந்தான். பெயர் நில்ஸ். தந்தை இங்கெமார், ஆகவே, 'இங்கெமாரின் மகன் நில்ஸ்'. அதற்குமேல் ஒரு பெயர் அந்தக் குடும்பத்தில் எவருக்கும் இருந்ததில்லை. ஏர் பிடிப்போருக்கு அது தேவைப்படவும் இல்லை. ஏடு பிடிக்க வந்தவனுக்கோ குடும்பப் பெயர் வேண்டும் என்றனர். என் செய்வான் இளைஞன்! குடும்ப நிலத்திலே ஓங்கி நின்ற லிண்டன் மரம் அவன் நினைவுக்கு வந்தது. அந்த மரத்தின் பெயருக்கு இலத்தீன் ஆடை உடுத்தி, 'லின்னேயஸ்' ஆனான். அவன் மகன்தான் 1707இல் பிறந்த கார்ல் லின்னேயஸ். செடிகொடிகளுக்கெல்லாம் இருசொற் பெயர் சூட்டும் முறையை உலகுக்குத் தந்த பேரறிஞன். அதே மரத்தைப் பார்த்து உறவினரில் ஒரு கிளையார் 'டிலியாண்டர்' ஆயினர்; மற்றொரு கிளையார் 'லிண்டேலியஸ்' ஆயினர். மரம் ஒன்று, குடும்பப் பெயர்கள் மூன்று!

வழிவழி வந்தது, குருதியில் ஊறியது, முன்னோர் தந்த முத்திரை என்றெல்லாம் குடும்பப் பெயரைப் பற்றிப் பெருமை பேசுகின்றனரே, அந்தப் பெருமையின் பிறப்பிடத்தைக் கண்டீர்களா? ஒரு பதிவேடு, ஒரு மாணவன், வீட்டருகே ஒரு மரம்! (அந்த மாணவனின் மகன், மரங்களை வகைப்படுத்தியதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 1758ஆம் ஆண்டுப் பதிப்பில் மனிதரையும் கண்டவாரியாகப் பிரித்து, ஐரோப்பியன் சட்டத்தால் ஆளப்படுபவன், ஆப்பிரிக்கன் மனம்போன போக்கால் ஆளப்படுபவன் என்று எழுதிவைத்தான். அறிவாளியின் ஏட்டிலும் ஆணவம் புகும்.)

மரத்தைப் பெயராகச் சுமக்கும் மக்கள் உலகெங்கும் உள்ளனர். சீனத்துப் பெருங்குடும்பப் பெயராகிய 'லி' என்பதன் எழுத்து, பிளம் மரத்தைக் குறிப்பது. யப்பானியரின் 'மாட்சுமோட்டோ' பைன் மரத்தடி. அந்நாட்டில் எல்லா மக்களும் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டே தீரவேண்டும் என்ற ஆணை 1875இல்தான் பிறந்தது. செர்மன் மொழியில் 'பிர்ன்பவும்' என்றால் பேரிக்காய் மரம். போர்த்துகீசியத்தில் 'பெரெய்ரா' என்றாலும் அதே பேரிக்காய் மரம். 'ஒலிவெய்ரா' ஒலிவ மரம்; 'கர்வால்யோ' ஓக் மரம்.

இந்தப் போர்த்துகல் நாட்டுக் கதையை நாம் சற்று நின்று பார்க்கவேண்டும்.

1497இல் அந்நாட்டு யூதர்கள் வலுக்கட்டாயமாக மதம் மாற்றப்பட்டனர். திருமுழுக்குப் பெற்றனர், கிறித்தவப் பெயர் பெற்றனர். இனி வேற்றுமை ஏது என்று நினைப்போம். வேற்றுமை ஒழியவில்லை, வேறு பெயர் பூண்டது! 'புதுக் கிறித்தவர்' என்று அவர்களுக்குப் பட்டம். மற்றவர் 'பழங் கிறித்தவர்'. 1536இல் மத விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. பதவிக்கும் பட்டத்துக்கும் 'குருதித் தூய்மை' கேட்கப்பட்டது. ஒருவனுடைய பெயரைப் பார்த்து அவன் பிறப்பைக் கண்டுகொள்ள முடிந்ததா? முடியவில்லை! ஆகவே அவன் ஊருக்கு ஆள் போயிற்று. முதியோரை அழைத்து, இவன் பாட்டன் யார், பாட்டி யார் என்று சான்று கேட்டு எழுதிக்கொண்டனர். பெயர் சொல்லாததை ஊர் வாயிலிருந்து பறித்தனர்.

மரப்பெயர் உடையவரெல்லாம் மதம் மாறிய யூதரின் வழியினர் என்றொரு நம்பிக்கை பரவி, இன்றும் பலரால் பேசப்படுகிறது. பகுத்தறிவு கொண்டு பார்ப்போம். நூனோ ஆல்வரஸ் பெரெய்ரா என்ற படைத்தலைவன் 1360இல் பிறந்தவன், உயர்குடி மகன், கட்டாய மதமாற்றம் நடப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகவே பேரிக்காய் மரத்தைப் பெயரில் தாங்கியவன். மரம் நின்ற இடத்துக்கு மரத்தின் பெயர். அந்த இடத்தைச் சேர்ந்தவனுக்கு இடத்தின் பெயர். யூதனும் அப்படிப் பெற்றான். பிரபுவும் அப்படிப் பெற்றான். மரத்துக்குக் குலம் தெரியாது.

இன்னொரு செய்தி கேளுங்கள். பழங் கிறித்தவர், புதுக் கிறித்தவர் என்ற பாகுபாட்டை 1773இல் சட்டத்தால் ஒழித்த அமைச்சன் யார் தெரியுமா? பொம்பால் பிரபு. அவனுடைய சொந்தப் பெயர் செபஸ்தியான் ஜோசே டி கர்வால்யோ. ஆமாம், ஓக் மரம்! முன்னூறு ஆண்டுக்கு அண்மையாய் மக்களை வாட்டிய வேற்றுமையைச் சட்டப் புத்தகத்திலிருந்து வெட்டியெறிந்தவனும் ஒரு மரப்பெயரான்தான்.

பெயர் பிறப்பைக் காட்டாது எனும்போது, காட்டியே ஆகவேண்டும் என்று வெறிகொண்டவர் என்ன செய்வர்? அதற்குச் செர்மனி விடை தந்தது. 1787இல் ஆஸ்திரிய மன்னன் இரண்டாம் யோசேப்பு, தன் ஆட்சியிலிருந்த யூதர்கள் செர்மானியக் குடும்பப் பெயர் பூணவேண்டும் என ஆணையிட்டான். பெயர் பூண்டனர், தலைமுறைகள் கடந்தன, பிர்ன்பவும் யூதனாகவும் இருந்தான், கிறித்தவனாகவும் இருந்தான். நாசிகளுக்கு அது பொறுக்கவில்லை. 1938 ஆகஸ்டில் ஆணை பிறந்தது: தாங்கள் வகுத்த பட்டியலில் இல்லாத முன்பெயருடைய யூத ஆண்கள் அனைவரும் 'இஸ்ரேல்' என்றும், பெண்கள் 'சாரா' என்றும் கூடுதலாக ஒரு பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிறப்பு பெயரில் இருந்ததா? இல்லை; இல்லாததனால் ஒட்டவைத்தனர்!

பேரிக்காய் மரம் நம் கரைக்கும் வந்தது. 1530களில் முத்துக்குளித்துறை மக்கள் கிறித்தவம் தழுவியபோது போர்த்துகீசியப் பெயர்களையும் பெற்றனர். தூத்துக்குடிக் கரையோரத்தில் பெரெய்ரா என்ற பெயரைக் கேட்கிறோம். கரையிலே பனையைக் கண்டவர்; பேரிக்காய் மரத்தைக் கண்டவரல்லர். வேரில்லாத அந்த மரம் தலைமுறை தலைமுறையாகத் தழைத்திருக்கிறது. மரத்தைக் காணாதவரும் மரப்பெயரைத் தம்முடையதாக்கிக்கொள்ள இயலுமெனில், பெயருக்கும் குருதிக்கும் என்ன உறவு?

நம்மவர் வேறு வழி கண்டனர். 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னே தொங்கும் சாதிப் பட்டங்களைக் களையத் தீர்மானித்தது. வால் அறுந்தது. தந்தையின் முதலெழுத்து முன்னே நிற்க, தமிழன் தன் பெயரோடு மட்டும் நடமாடத் தொடங்கினான். குடும்பப் பெயரையே துறந்துவிட்ட ஒரு மக்கட்கூட்டம்! சுவீடனிலும் யப்பானிலும் பெயரைச் சேர்த்தனர், நாம் எடுத்தோம். எளிய செயலன்று அது. அதன் பயனை நாம் குறைத்துப் பேசமாட்டோம். கையொப்பத்தைக் கண்ட மாத்திரத்தில் இவன் இன்னான் என்று எவரும் எடைபோட இயலாமற் செய்தோம்.

ஆயினும் தோழர்களே, போர்த்துகல் விசாரணைக்காரன் ஊருக்குப் போனானே, அவனை மறந்துவிடாதீர்கள். வாடகைக்கு வீடு கேட்டுச் செல்பவனிடம், பெயரைக் கேட்டபின், "சொந்த ஊர் எது?" என்பர். ஊரைச் சொன்னால், "ஊரிலே எந்தத் தெரு?" என்பர். தெருவைச் சொல்லத் தயங்கினால், "குலதெய்வம் எது?" என்பர். பாட்டன் பெயர் வரை போவர்; பாட்டனுக்கு வால் இருந்த காலமல்லவா! வீட்டுக்காரனைக் குறை கூறுவது எளிது. நம் வீட்டுக்குப் பெண் கேட்டு ஒரு தோழன் வருகிறான்; படித்தவன், பண்புள்ளவன், மேடையிலே நம்மோடு நின்றவன். அவன் விடைபெற்றுச் சென்றபின், கதவைச் சாத்திக்கொண்டு, தாழ்ந்த குரலில், அவன் ஊரைச் சேர்ந்த எவரையேனும் நமக்குத் தெரியுமா என்று நாம் விசாரித்ததில்லையா?