விளக்கப்பட்ட தீமை: பிளாட்டியின் ‘லீஜன்’

வில்லியம் பீட்டர் பிளாட்டி 1971இல் வெளியிட்ட ‘தி எக்ஸார்சிஸ்ட்’ நாவல், பேயோட்டும் சடங்கின் கொடூரத்தால் மட்டுமன்றி, ஒரு பாவமும் அறியாத சிறுமியைத் தீய ஆவி ஏன் பற்றியது என்னும் கேள்விக்கு முடிந்த முடிபாக விடை கூறாமையாலும் அச்சம் தந்தது. சுற்றி நிற்பவர்கள் தம்மை விலங்கினும் கீழாக, இறையன்புக்குத் தகாதவர்களாக எண்ணி மனமுடைய வேண்டும் என்பதே ஆவியின் நோக்கமாகலாம் என்று அருட்தந்தை மெரின் ஊகிப்பதோடு அந்நாவல் நின்றுகொண்டது. 1983இல் வந்த அதன் தொடர்ச்சியான ‘லீஜன்’ (மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் தீய ஆவி தனக்குச் சொல்லிக்கொள்ளும் பெயர் இது, தமிழ் விவிலியத்தில் ‘லேகியோன்’) அந்த அடக்கத்தைக் கைவிட்டது, ஏமாற்றம் அங்கே தொடங்குகிறது.

தொடக்கம் என்னவோ வலுவானதுதான். ஜார்ஜ்டவுனில் செய்தித்தாள் போடும் சிறுவன் ஒருவன் படகுத் துடுப்புகளில் சிலுவையில் அறையப்பட்டுக் கிடக்க, அதைத் துப்பறியும் கிண்டர்மன், கொலைகாரனைத் தேடும் அதே வேகத்தில் கடவுளையும் விசாரணைக்கு இழுக்கிறார். எல்லாம் வல்லவரும் நல்லவருமான இறைவன் தீமையை ஏன் அனுமதிக்கிறார் என்பதற்கு நியாயம் கற்பிக்கும் முயற்சியை இறைநீதி வாதம் என்பர். லைப்னிட்ஸ் 1710இல் எழுதிய நூலால் இத்துறை பெயர் பெற்றது. கிண்டர்மன் இறுதியில் கண்டடையும் விடை, லூசிபர் என்னும் வானதூதனின் வீழ்ச்சியே பெருவெடிப்பாகிப் பருப்பொருள் உலகைத் தோற்றுவித்தது, பரிணாமம் என்பது சிதறிய அவன் இறைவனிடம் திரும்பும் நெடும்பயணம், மனிதர் அனைவரும் அவனுடைய கூறுகள் என்பதாகும். உயிர்கள் அன்பு தணிந்து வீழ்ந்தன என்றும் முடிவில் யாவும் மீட்கப்படும் என்றும் மூன்றாம் நூற்றாண்டில் கற்பித்த ஓரிகனை இது நினைவூட்டுகிறது. ஓரிகனின் பெயரால் வழங்கிய கருத்துகளைத் திருச்சபை பின்னர்க் கண்டித்தது.

கொள்கை அழகியது, ஆனால் துடுப்புகளில் கிடந்த சிறுவனை அது என்ன செய்கிறது? அவனும் வீழ்ந்த தூதனின் ஒரு கூறு என்றால், குற்றத்தில் அவனுக்கும் பங்கு வந்துவிடுகிறது. குற்றமற்றவன் துன்புறுகிறான் என்ற வழக்கே தள்ளுபடியாகிறது. எதிர்கால நல்லிணக்கம் எத்தனை பெரிதாயினும் ஒரு குழந்தையின் கண்ணீருக்கு அது ஈடாகாது என்று தஸ்தயேவ்ஸ்கியின் இவான் கரமசோவ் எழுப்பும் மறுப்புக்கு இது விடையன்று, நழுவலே.

கதையின் முடிச்சும் இதே போக்கில்தான் அவிழ்கிறது. முதல் நாவலில் இறந்த அருட்தந்தை கராஸின் உடலில் குடியேறிய கொலைகாரன், மதப் பரப்புரையாளரான தன் தந்தையை இழிவுபடுத்தவே கொலைகள் செய்கிறான். தந்தை இயல்பாக இறந்ததும் நோக்கமிழந்து தானே விலகுகிறான். பிளாட்டியே இயக்கிய 1990ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் தயாரிப்பு நிறுவனத்தின் வற்புறுத்தலால் பேயோட்டும் காட்சி ஒன்று சேர்க்கப்பட்டது. அது கதையில் ஒட்டாததற்குக் காரணம் திரைக்கதைக் கோளாறு மட்டுமன்று: பேயோட்டுதல், தீமை மனிதனுக்குப் புறத்தே நிற்கும் பகை என்று கொள்வது, மனிதகுலம் முழுவதுமே வீழ்ந்த தூதன் என்று கூறும் கதையில், யாரிடமிருந்து யாரை விரட்டுவது?