சீட்டு, சோறு, கடன்

1

டோக்கியோவிலிருந்து திரும்பிய வாரம் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஆறு நாட்களில் அங்கே என்னென்ன பார்த்தேன் என்று கேட்டார். சீட்டும் பலகையும் பகடையும் விற்கிற கடைகளைத் தேடி அலைந்ததைச் சொன்னேன். நடுநடுவே நல்ல சாப்பாடு கிடைக்கிற இடங்களைத் தேடிப் போனதையும் சொன்னேன். கோயில்? ஒன்று, அதுவும் வழியில் இருந்ததால். மியூசியம்? போகவில்லை. ஃபூஜி மலை? மேகம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதுக்கு ஜப்பான் வரைக்கும் போகணுமாய்யா?" என்றார்.

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் கேள்வியைக் கேலி என்று தள்ளிவிட முடியவில்லை. ஒரு நகரத்துக்குப் போகிறவன் அந்த நகரத்துக்கு ஏதாவது கடன்பட்டிருக்கிறானா? தன் ஆசையை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு ஒரு ஊருக்குள் நடப்பது ஊரை அவமதிப்பதா? இல்லை, ஆசை எதுவும் இல்லாமல் எல்லாவற்றையும் 'பார்த்து' வருவதுதான் அவமதிப்பா? அன்று நண்பரிடம் சாமர்த்தியமாக ஏதோ பதில் சொன்னேன். அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2

பார்க்கப் போகிறவனுக்கு ஊரிடம் கேட்பதற்கு ஒன்றும் இருப்பதில்லை. அவனுக்கு வேண்டியது முன்பே புகைப்படமாகத் தயாராக இருக்கிறது. நேரில் போய் அது சரிதானா என்று ஒத்துப் பார்க்கிறான். ஊர் அவனுக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. தேடுகிறவன் நிலைமை வேறு. வழி கேட்கவேண்டும், தவறான மாடியில் ஏறி இறங்கவேண்டும், பாஷை தெரியாமல் கையால் சைகை காட்டவேண்டும். ஆசை அவனை ஊரின் தயவில் நிறுத்துகிறது. இந்த அளவில் சின்ன ஆசையோடு அலைகிறவன், பெரிய மரியாதையோடு வரிசையில் நிற்கிறவனைவிட ஊருக்கு நெருக்கமானவன் என்பது என் கட்சி.

ஆனால் இந்தக் கட்சிக்கு எதிரான சாட்சியும் என்னிடமே இருக்கிறது. முதல் நாள் அகிஹாபாரா போனேன். யுத்தத்துக்குப் பிறகு ரேடியோ உதிரி பாகங்கள் விற்ற சந்தை, பின்னர் கம்ப்யூட்டர், இப்போது விளையாட்டுச் சாமான்கள். 2014இல் புதிதாகக் கட்டித் திறந்த ரேடியோ காய்கான் கட்டடத்தில் மாடி மாடியாக ஏறினேன். பரவசம்தான். ஆனால் இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று உறைத்தது: நான் எடுத்துப் பார்த்த பெட்டிகளில் பெரும்பாலானவை எனக்கு முன்பே பரிச்சயமானவை. 1995இல் ஜெர்மனியில் வெளிவந்த காட்டான், அதன் பின்னால் வந்த அதன் வாரிசுகள். எழுத்து மட்டும் ஜப்பானியம். எந்த நகரத்திலும் இதே பெட்டிகள், இதே அலமாரிகள், கண்ணாடி போட்ட இதே இளைஞர்கள். நான் ஜப்பானில் இல்லை. என் பொழுதுபோக்கின் உள்ளே இருந்தேன். அங்கே ஊர் ஒரு கிட்டங்கிதான். சேகரிப்பவனின் ஆபத்து இது: அவன் எங்கே போனாலும் தன் அலமாரிக்குத்தான் போகிறான்.

3

மறுநாள் ஜிம்போச்சோ. பழைய புத்தகக் கடைகளின் பேட்டை. நூற்றுக்கு மேற்பட்ட கடைகள். தெருவின் தெற்கு வரிசையில் வடக்குப் பார்த்த கடைகளே அதிகம்; வெயில் பட்டுப் புத்தகம் மங்கிவிடக்கூடாதென்று அப்படி. அங்கே ஒகுனோ என்ற கருத்தாக் கடை இருக்கிறது, 1921இல் தொடங்கியது. சீட்டு விற்பதுதான் தொழில், மாடியில் பழைய சீட்டுகளின் சிறிய காட்சியகம்.

கருத்தா என்றால் சீட்டு. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசிய மாலுமிகள் கொண்டுவந்த கார்ட்டா. நம் கடுதாசியும் அதே மாலுமிகள் விட்டுப்போனதுதான். சீட்டு வந்ததும் சூதாட்டமும் வந்தது. தோக்குகாவா ஆட்சி திரும்பத் திரும்பத் தடை போட்டது. ஒவ்வொரு தடைக்கும் சீட்டு ஒரு புதுச் சட்டை போட்டுக்கொண்டது. கடைசியில் எண்களே மறைந்து பூக்கள் மட்டும் நின்றன: ஹனாஃபுடா, மலர்ச் சீட்டு. பன்னிரண்டு மாதங்கள், மாதத்துக்கு நான்கு, மொத்தம் 48. ஜனவரிக்குத் தேவதாரு, பிப்ரவரிக்கு பிளம், மார்ச்சுக்குச் செர்ரி. நவம்பரின் வில்லோ மரத்தடியில் குடை பிடித்த ஒரு எழுத்துக் கலைஞர், தாவிக் குதிக்கும் தவளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். 1889இல் கியோட்டோவில் இந்தச் சீட்டு செய்வதற்காகத் தொடங்கிய கம்பெனிதான் நின்டென்டோ. சட்டத்துக்குத் தப்ப முகமூடி போட்ட ஒன்று அத்தனை அழகாகிவிட்டதை என்னவென்று சொல்வது? தணிக்கை கலையை வளர்க்கிறது என்று யாராவது இதை மேற்கோள் காட்டிவிடுவார்களோ என்று பயமாகவும் இருக்கிறது.

இன்னொரு சீட்டு நம்மவர்களுக்கு இன்னும் ருசிக்கும். நூறு பேர் எழுதிய நூறு கவிதைகள். ஒருவர் வாசிக்கிறார், கவிதையின் பின்பாதி மட்டும் அச்சிட்ட சீட்டுகள் தரையில் பரப்பியிருக்கின்றன, வாசிப்பு முடியுமுன் உரிய சீட்டின் மேல் முதலில் பாயும் கைக்கு வெற்றி. தேர்ந்தவர்களுக்கு முதல் ஓரிரு அசைகளே போதும். கவிதையை ரசிக்கிறார்களா, அடையாளம் காண்கிறார்களா என்று கேட்கலாம். நம் கருத்தரங்குகளைப் பார்த்தவர்கள் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் அடக்கத்தோடு கேட்பது நல்லது.

அதே தெருக்களில் சோற்றுக்கும் குறைவில்லை. ஜிம்போச்சோ, கறிக்குப் பேர்போன இடம். ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் கரண்டி என்று சாப்பிட வசதியான பண்டம் என்பதால் இங்கே கறிக்கடைகள் பெருகின என்று சொல்கிறார்கள். பழைய புத்தகக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் போன்டி என்ற கடை; கறி வருமுன் அவித்த உருளைக்கிழங்கும் வெண்ணெயும் வரும். நம் கறி போர்த்துகீசியர் வாயில் புகுந்து, ஆங்கிலேயர் கையில் மாவு கலந்த குழம்பாகி, மெய்ஜி காலத்தில் ஜப்பானில் இறங்கி, இப்போது கரே. ஆக நான் தேடிப்போன இரண்டும், சீட்டும் சோறும், ஒரே கப்பலில் ஏறிய வார்த்தைகள். ஒன்று என் ஊரிலிருந்தே புறப்பட்டது.

நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான். அவர் மிகவும் ரசித்தார். ஆசையைப் பின்தொடர்ந்தால் அது உலக சரித்திரத்தில் கொண்டுபோய் விடும் என்றுகூட ஒரு வாக்கியம் சொன்னேன். தப்பான வாக்கியம் என்று சொல்லமாட்டேன். ஆனால் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

4

நான்காம் நாள் பிற்பகல், வேறொரு பேட்டையில், குறுகிய மாடிப்படி ஏறிப்போனால் வரும் சின்னக் கடை. வேறு வாடிக்கையாளர் இல்லை. உரிமையாளருக்கு எழுபது வயதிருக்கும். ஹனாஃபுடா சீட்டு ஒன்றை எடுத்துப் புரட்டினேன். ஆடத் தெரியுமா என்று சைகையில் கேட்டார். தெரியாது என்றேன். ஒரு பழைய சீட்டுக்கட்டை எடுத்து மேசையில் பரப்பினார். இருபது முப்பது ஆங்கில வார்த்தைகளையும் விரல்களையும் வைத்துக்கொண்டு, கோய்-கோய் ஆட்டத்தை ஏறக்குறைய ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். தேநீர் வந்தது.

கோய்-கோய் என்றால் 'வா, வா'. சீட்டுகள் ஒரு சேர்க்கையாக அமைந்துவிட்டால் அங்கேயே நிறுத்திப் புள்ளிகளை எடுத்துக்கொள்ளலாம். அல்லது 'கோய்-கோய்' என்று சொல்லி ஆட்டத்தைத் தொடரலாம். தொடர்ந்தால் அதிகம் கிடைக்கலாம். எதிராளி முந்திக்கொண்டால் உள்ளதும் போகும். நான் ஒவ்வொரு தடவையும் நிறுத்தினேன். அவர் ஒவ்வொரு தடவையும் 'கோய்-கோய்' என்றார். பெரும்பாலும் தோற்றார். தோற்றபோதெல்லாம் சிரித்தார்.

கடைசியில் நான் கைகூப்பிவிட்டு, ஒன்றும் வாங்காமல் இறங்கி வந்தேன். அதே சீட்டுக்கட்டு ஸ்டேஷனையொட்டிய பெரிய கடையில் நானூறு யென் குறைவு என்று முந்தின நாளே பார்த்து வைத்திருந்தேன். அன்று சாயங்காலம் அங்கே வாங்கினேன். மிச்சப்படுத்திய நானூறு யென் இராச் சாப்பாட்டில் சேர்ந்தது. சாப்பாடு நன்றாகவே இருந்தது, அதையும் சொல்லவேண்டும்.

சாப்பிடும்போதே வாதங்கள் தயாராகிவிட்டன. அவர் விற்பதற்காகச் சொல்லிக்கொடுக்கவில்லை; ஆடுவதற்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் சொல்லிக்கொடுத்தார். ஹாய்சிங்கா 1938இல் எழுதிய 'ஹோமோ லூடென்ஸ்' நூலில், விளையாட்டு லௌகிக லாபத்துக்குச் சம்பந்தமில்லாத தளத்தில் நடப்பது என்கிறார். அந்த ஒரு மணி நேரத்துக்கு விலை வைப்பது அதைக் கொச்சைப்படுத்துவதாகும். ஆகவே நான் வாங்காமல் வந்தது விளையாட்டின் புனிதத்தைக் காப்பாற்றிய காரியம்!

இந்த வாதத்தில் எங்கே ஓட்டை? விளையாட்டு லாபமற்றது என்பது உண்மையானால், லாபக் கணக்கோடு அந்த மேசையில் உட்கார்ந்தவன் விளையாடவே இல்லை. அவர் விளையாடினார், நான் கொள்முதல் செய்துகொண்டிருந்தேன். விலை முன்பே என் தலைக்குள் இருந்தது. நன்கொடையின் இலக்கணத்தைக் கடன்வாங்கி வியாபாரத்தில் நானூறு யென் லாபம் பார்த்தேன். இரண்டு தளங்களுக்கும் தனித்தனி தர்மம் உண்டு. எந்தத் தளத்தில் நின்றாலும் நாணயமாக இருந்திருக்கலாம். ஒன்றின் தர்மத்தைக் காட்டி இன்னொன்றின் கடமையிலிருந்து நழுவினேன். திருட்டு என்ற வார்த்தை பெரிது. சின்ன வார்த்தை ஒன்று கிடைக்கவில்லை.

வள்ளுவர் சூது அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவில் வைத்திருக்கிறார். மருந்து என்று பெயரே தவிர, அதிகாரம் பெரிதும் அளவறிந்து உண்பதைப் பற்றியது. ஆட்டமும் சோறும் பக்கத்துப் பக்கத்து வீடு. இரண்டிலும் கேள்வி எங்கே நிறுத்துவது என்பதுதான். ஆனால் நிறுத்தத் தெரிந்தவனிடமும் ஒரு குற்றம் இருக்கக்கூடும் என்பது எனக்கு அந்த மேசையில்தான் தெரியவந்தது.

5

ஐந்தாம் நாள் ஷின்ஜுக்குவில் நாகமுராயா. 1915இல் பிரிட்டிஷாருக்குத் தப்பி வந்த ராஷ் பிஹாரி போஸை, நாடு கடத்தும் உத்தரவை மீறி ஒளித்து வைத்தவர்கள் இந்த ரொட்டிக் கடையை நடத்திய சோமா தம்பதியர். பிறகு அவர்களுடைய மகள் தோஷிகோவை அவர் மணந்தார். 1925இல் அவள் இறந்துபோனாள். 1927இல் கடை ஒரு உணவகம் திறந்தபோது, அவர் சொல்லிக்கொடுத்தபடி இந்தியக் கறி பரிமாறப்பட்டது. இன்றும் கிடைக்கிறது.

உயிரைக் காத்ததற்கு ஒரு குழம்பு ஈடாகுமா? ஆகாது, ஈடு என்று அவர் நினைத்திருப்பார் என்றும் தோன்றவில்லை. தீர்க்க முடியாத கடன் தெரிந்த மனிதன், தீர்க்க முயலாமல், தன்னிடம் இருந்ததைக் கொடுத்தான். கடனைத் தீர்ப்பது உறவை முடிப்பது. அவர் செய்தது அதைத் தொடர்வது. என்னுடையதோ நானூறு யென்னில் தீர்ந்திருக்கக்கூடியது. அந்தச் சிறுமைதான் உறுத்தியது. பெரிய கடன்களைப் பற்றி நாமெல்லோரும் அழகாக எழுதுகிறோம்.

சாப்பிட்ட கையோடு ரயிலேறி அந்தப் பேட்டைக்குப் போனேன். மாடிப்படியின் கீழே ஷட்டர் இறங்கியிருந்தது. வார விடுமுறையாக இருக்கவேண்டும். மறுநாள் காலை விமானம்.

சீட்டுக்கட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. தங்கை மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவள் எப்போதும் கோய்-கோய்தான் சொல்கிறாள். அவருக்குச் சேரவேண்டியது இப்படி வேறொருவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று முடித்தால் கட்டுரைக்கு நன்றாக இருக்கும். ஆனால் அவருக்குச் சேரவேண்டியது அவருக்குத்தான் சேரவேண்டும்.

ஜப்பான் வரைக்கும் போகணுமா என்று கேட்ட நண்பருக்குப் போர்த்துகீசியக் கப்பலைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். கடைக்காரரைப் பற்றிச் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்வார்.