குருதிக்கும் ஜாதகமா?

கொல்லிமலையைப் பாடிய சங்கப் புலவர்கள், தலைவியின் எழிலுக்கு அம்மலையிலிருந்த பாவையை உவமை சொன்னார்கள். குறை காண முடியாத பாவை! ஆம், பாவைக்குக் காய்ச்சல் வராது, கால் நோகாது. இன்று 70 கொண்டையூசி வளைவுகள் ஏறிச் சென்றால் நாம் காண்பது, மிளகுக் கொடிக்கும் காப்பிச் செடிக்கும் இடையே உழைத்துக் களைக்கும் மாந்தரை.

அவர்களுள் இருவரை எண்ணிப் பார்ப்போம். பிறவியிலேயே கால் ஊனமுற்ற ஒரு நங்கை. அரிவாள் செல் இரத்தசோகையால் வாடும் ஒரு காளை. இருபதைக் கடந்த இருவரும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். ஊர் என்ன சொல்லும்? "நோயாளிக்கு நொண்டியா? யார் யாருக்குக் கஞ்சி காய்ச்சுவது?"

கரிசனம் போலத் தோன்றும் கேள்வி. உற்றுப் பாருங்கள், தோழர்களே! வேலைக்கு ஆள் தேடும் கண் அதிலே தெரியும். நளாயினி கதையை நமக்கு ஓதினார்களே! தொழுநோயுற்ற கணவனைக் கூடையிலே வைத்துச் சுமந்தாளாம்; ஆதலால் உத்தமியாம். நோயுற்ற மனைவியைக் கூடையில் வைத்துச் சுமந்த உத்தமனுக்கு ஏன் அத்தகைய புகழ்க்கதை இல்லை? ஆண் நோயுறலாம், பெண் சுமக்க வேண்டும். அவளுக்கே கால் வழங்காதெனில் கூடையை யார் தூக்குவது? ஊரின் கவலை அதுதான்!

சட்டமும் நெடுநாள் ஊரோடு ஒத்து ஊதியது. இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் செய்த திருத்தம், அடிக்கடி வலிப்புக் காண்போரை மணத்திற்குத் தகாதவர் என்றது. 1999இல்தான் அச்சொல் நீங்கிற்று. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக்கிய விதி 2019 வரை உயிரோடிருந்தது. மருந்தால் குணமாகும் நோய் அது! (பழங்குடியினருக்கு அச்சட்டம் பொதுவாகப் பொருந்தாது என்பது வேறு செய்தி. எண்ணம் எங்கும் ஒன்றே.)

விஞ்ஞானம் என்ன சொல்கிறது? சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்து குருதியின் நுண்குழாய்களை அடைக்கின்றன; வலி ஆளைத் துடிக்க வைக்கிறது. பரம்பரையாய் வருவது, தொற்றாது. அந்த நங்கையின் குருதியில் இக்குறை இல்லையெனில், பிறக்கும் குழந்தை எதற்கும் இந்நோய் வராது. மரபணுவைத் தாங்குவோராக மட்டுமே இருப்பர். அவளும் தாங்குபவளாயின், ஒவ்வொரு பேற்றிலும் நோய் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. கருவிலேயே கண்டறியும் சோதனையும் உண்டு. பிள்ளையே வேண்டாம் என்றிருக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

2023 ஜூலையில் இந்திய அரசு தொடங்கிய ஒழிப்புத் திட்டம், 7 கோடிப் பேரைச் சோதித்து, அவரவர் நிலை காட்டும் அட்டை தர முனைந்தது. நன்று! சோதனைக்கு நாமே முதலில் கை நீட்டுவோம். வகுப்பறையில் மாணவருக்கும் எடுத்துரைப்போம். ஆனால் பத்துப் பொருத்தம் பார்த்துப் பழகிய கை, நாளை அந்த அட்டையைப் பிடுங்கி, "பொருந்தவில்லை, போ" என்று விரட்டினால்? செவ்வாய் தோஷம் பொய், எதிர்ப்பது எளிது. மரபணு மெய். மெய்யைக் காட்டி மிரட்டுவோனை எதிர்ப்பதுதான் பகுத்தறிவாளருக்குக் கடினமான வேலை. 1933இல் நாசி ஜெர்மனி பரம்பரை நோயைத் தடுப்பதாகச் சொல்லிச் சட்டமியற்றிச் சுமார் 4 லட்சம் பேருக்கு வலுக்கட்டாயமாகக் கருத்தடை செய்தது. கையில் விஞ்ஞானம் என்ற பெயர்ப்பலகை. நெஞ்சிலே வருணாசிரமத்தின் உடன்பிறப்பு!

மருத்துவர் சொல்லட்டும், இருவரும் கேட்கட்டும். முடிவு அவர்களுடையது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரிவாள் செல் நோயையும் 21 குறைபாடுகளுள் ஒன்றாக எண்ணுகிறது. அவனும் அவளும் சட்டத்தின் முன் ஒரே வரிசை. நள்ளிரவில் அவனுக்கு வலி கண்டால் மலைமேலேயே மருந்து கிடைக்குமா? பேறுகாலத்தில் அவள் அத்தனை வளைவும் இறங்கித்தான் ஆகவேண்டுமா? ஊர் கவலைப்பட விரும்பினால் இவற்றுக்குக் கவலைப்படட்டும். கஞ்சி யார் காய்ச்சுவது என்பதை அவர்கள் தங்கள் அடுப்படியில் பேசிக்கொள்வர்.